டிரேயர் மேசையும் ஆர்கோ கடிகாரமும்: ஒரு கருவிச் சர்ச்சை பற்றிய மறுநோக்கு

ஓர் இலக்கியப் படைப்பை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்பது பற்றி விமர்சகரிடையே வாதங்கள் நிகழ்வது இயல்பு. ஆனால் பற்சக்கரங்களாலும் உருளைகளாலும் ஆன ஒரு கணிப்பொறியை மதிப்பிடுமிடத்து அத்தகைய வாதத்துக்கு இடமில்லை என்றே பலரும் எண்ணுவர். பொறி சரியாகக் கணித்ததா, இல்லையா என்பது அளந்தறியத்தக்க செய்தியன்றோ! எனினும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிரித்தானியப் போர்க்கப்பல்களில் பீரங்கிச் சூட்டை நெறிப்படுத்தவெனப் பொருத்தப்பட்ட கருவிகளைப் பற்றி எழுந்த நூல்களை ஒருசேர நோக்குவோர், அவை கருவியை மதிப்பிடுவதோடு நில்லாது, ஒரு கதைக்குக் கதாநாயகனையும் எதிர்நாயகனையும் தேடித் தருவதையும் காண்பர்.

அக்கதையின் சுருக்கம் இது. ஆதர் ஹங்கபோட் பொலன் என்னும் வணிகர், கடற்படையைச் சாராதவர், எதிரிக்கப்பலின் தூரத்தை இடைவிடாது கணித்துத் தரும் அரிய பொறியொன்றை உருவாக்கினார். கடற்படைத் தலைமையகம் அதனைப் புறக்கணித்து, தன் சொந்த அதிகாரியான பிரெடெரிக் டிரேயரின் தரங்குறைந்த கருவியைத் தெரிந்தெடுத்தது. அதன் விளைவாக 1916ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி ஜட்லாந்துக் கடற்சமரில் பிரித்தானியரின் குண்டுகள் இலக்குத் தவறின. மூன்று பெருங்கப்பல்கள் வெடித்து மூழ்கின. அவற்றோடு 3,300க்கு மேற்பட்டோர் மாண்டனர். பொலனின் மைந்தர் அன்ரனி பொலன் 1980இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ‘மாபெரும் பீரங்கிச் சூட்டு ஊழல்’ எனப் பொருள்படுவது. தந்தையின் பெயரை மீட்க ஒரு மகன் எழுதியது என்ற வகையில் அந்நூலைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆனால் அதே கதை ஆய்வுலகிலும் நிலைபெற்றுவிட்டபோது அதனைச் சோதித்தறிவது விமர்சனத்தின் கடமையாகின்றது.

கருவிகள் தீர்க்க முயன்ற சிக்கலை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பிரித்தானியக் கடற்படை ஓரிரண்டாயிரம் யார் தூரத்திலேயே சூட்டுப் பயிற்சி செய்துவந்தது. அத்தூரத்தில் குறிபார்ப்பவனின் கண்ணும் கையும் போதுமானவை. பேர்சி ஸ்கொற் என்னும் கப்டன் தமது ‘ஸ்கில்லா’ கப்பலில் 1899இல் நூற்றுக்கு எண்பது வீதமான வேட்டுகளை இலக்கிற் படச்செய்து புகழ்பெற்றது இத்தகைய கிட்டிய தூரத்திலேயே. ரோப்பிடோவின் அச்சம் ஒருபுறமும், பீரங்கிகளின் ஆற்றல் மறுபுறமும் சமர்த்தூரத்தை ஆண்டுக்காண்டு விரியச் செய்தன. 15,000 யார் தூரத்துக்குக் குண்டு சென்றுவிழ ஏறத்தாழ 25 செக்கன் பிடிக்கும். மணிக்கு 25 கடல்மைல் வேகத்திற் செல்லும் கப்பல் அந்நேரத்தில் 350 யார் நகர்ந்துவிடும். பெரியதொரு போர்க்கப்பலின் நீளமே 235 யார் அளவினது. அகலமோ 30 யார் மட்டுமே. ஆகவே எதிரி இப்போது நிற்கும் இடத்தைக் குறிவைப்பவன் வெறுங்கடலையே சுடுகின்றான். அவன் குறிவைக்க வேண்டியது எதிரி இன்னும் சென்றடையாத ஓரிடத்தை.

சிக்கல் இத்துடன் முடிவதில்லை. சமாந்தரமான இரு பாதைகளில் எதிரெதிராக நடந்துவரும் இருவரை எண்ணிப்பார்க்கலாம். தொலைவில் இருக்கையில் அவர்களுக்கிடையேயான தூரம் விரைவாகக் குறையும். நெருங்க நெருங்கக் குறையும் வீதம் தணியும். நேருக்கு நேர் வரும் கணத்தில் அது சூனியமாகும். பின்னர் தூரம் கூடத் தொடங்கும். இருவரும் தத்தம் நடையையோ திசையையோ சிறிதும் மாற்றவில்லை; ஆயினும் தூர மாற்ற வீதம் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டே இருந்தது. இந்த எளிய கேத்திரகணித உண்மையிலேதான் சர்ச்சை முழுவதும் வேர்கொண்டிருக்கின்றது.

இச்சிக்கலுக்கென ஒரே காலப்பகுதியில் தனித்தனியே எழுந்த கருவிகள் பல. லீட்ஸ் நகரத்துப் பேராசிரியர்களான பார், ஸ்ட்ரவுட் ஆகிய இருவர் ஆக்கிய தூரமானி, ஒரு குழாயின் இரு முனைகளிலிருந்தும் பெறும் பிம்பங்களைப் பொருத்தித் தூரத்தைக் காட்டியது. 1892ஆம் ஆண்டளவில் அது நாலரை அடி நீளத்ததாயிருந்தது; பெருஞ்சமர்க்கப்பல்களின் காலத்தில் ஒன்பது அடியாயிற்று. டுமெரிக் என்னும் அதிகாரி 1902இல் உருவாக்கி, அவர் பெயராலேயே வழங்கப்பட்ட கருவி, இரு கப்பல்களின் வேகத்தையும் திசையையும் சட்டங்களாகப் பொருத்தி, தூர மாற்ற வீதத்தை ஒரு தட்டில் வாசிக்கத் தந்தது. விக்கேர்ஸ் கடிகாரம் அவ்வீதத்தை ஏற்று, மாறுந் தூரத்தை முள்ளால் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அது வீதத்தை மாறிலியாகவே கொண்டது. மாற்ற வேண்டுமாயின் ஒருவர் கையால் திருத்த வேண்டும். கப்பலின் அடித்தளத்திலே, கவசத்தின் பாதுகாப்பில் அமைந்த கணிப்பறையில் இக்கருவிகளின் முன்னர் நின்று முட்களை நகர்த்தியோருட் பலர் கடற்படையின் வாத்தியக் குழுவினர் என்பது சுவையான செய்தி. தாளந் தவறாது ஒருங்கே இயங்கப் பழகிய அக்கலைஞர்களை விட அவ்வறைக்குப் பொருத்தமானோர் வேறு யார்?

பொலன், அச்செழுத்துக் கோக்கும் பொறிகளை ஆக்கும் லைனோரைப் நிறுவனத்தின் நிருவாகி. 1900இல் மால்ராத் தீவில் கடற்படையின் சூட்டுப் பயிற்சியொன்றைக் கண்ணுற்றவர், 1,500 யாருக்குங் குறைந்த அதன் தூரத்தைக் கண்டு வியப்புற்றார். அதே வகைக் கடற்படைப் பீரங்கிகள் தென்னாபிரிக்காவில் லேடிஸ்மித் முற்றுகையின்போது கரையிலிருந்து பன்மடங்கு தூரத்துக்குச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. நிலத்தில் இயன்றது கடலில் இயலாதது ஏன் என்னும் வினாவே அவரது பன்னிரண்டாண்டு உழைப்பின் தோற்றுவாய். கெல்வின் பிரபுவின் ஆலோசனையும் ஹரல்ட் இஷர்வுட் என்னும் பொறியியலாளரின் கைத்திறனும் அவருக்குத் துணையாயின. இவற்றின் முடிந்த வடிவமே ஆர்கோ கடிகாரம். வீதம் எங்ஙனம் மாறுகின்றதோ அங்ஙனமே பொறியும் தானே மாறிச் செல்லும். சொந்தக் கப்பல் திரும்பினாலும் கணிப்பு முறியாது. வழுக்கலின்றி உருளும் பந்தொன்றே அதன் இதயம்.

டிரேயரின் மேசை வேறொரு சிந்தனையின் விளைவு. தூரமானிகள் தந்த வாசிப்புகளை நகருந் தாளிலே நேரத்துக்கெதிராகப் புள்ளிகளாக இட்டு, அப்புள்ளிகளின் ஊடாகச் செல்லும் கோட்டின் சாய்விலிருந்து வீதத்தைப் பெறுவது அதன் முறை. திசைக்கோணத்துக்கும் அவ்வாறே தனியானதொரு வரைவு. டுமெரிக் கருவியும் கடிகாரமும் அம்மேசையுடனேயே இணைக்கப்பட்டன. எலியட் சகோதரர் நிறுவனத்தில் கீத் எல்பின்ஸ்ரன் இதனை வடிவமைத்துத் தந்தார். வீதம் மாறும்போது மனிதன் கைப்பிடியைச் சுழற்றிப் பின்தொடர வேண்டும் என்பது இதன் குறை. மேலோட்டமாகப் பார்ப்பவர் பொலனின் பொறியையே உயர்ந்ததெனக் கொள்வர். கணிதநோக்கில் அக்கொள்கை தவறுமன்று.

ஜோன் ரெற்சுரோ சுமிடா 1989இல் வெளியிட்ட ‘கடல் மேலாண்மையின் பாதுகாப்பில்’ எனத்தகும் நூல் இத்துறையின் போக்கையே மாற்றியது எனலாம். அதற்கு முன்னர் கடற்படை வரலாறு பெரும்பாலும் அட்மிரல்களின் குணாதிசயம், வீரம், மனத்தாங்கல் என்பவற்றின் வரலாறாகவே இருந்தது. சுமிடாவோ வரவுசெலவுக் கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் காப்புரிமைகளையும் முன்வைத்தார். நிதி நெருக்கடிக்குள் ஓர் அரசு தன் ஆதிக்கத்தைப் பேண எத்தகைய தொழில்நுட்பத்தைத் தெரிந்தெடுக்கின்றது என்னும் அவரது வினா, தனிமனித வரலாற்றிலிருந்து சமூக வரலாற்றுக்குச் செல்லும் வினா. அந்த வகையில் அந்நூலுக்குக் கடன்படாத பின்னைய ஆய்வு எதுவுமில்லை.

ஆயின் தொழில்நுட்பத் தீர்ப்பைப் பொறுத்தவரை சுமிடா தம் மூலங்களுக்கு ஆட்பட்டுவிட்டார் என்றே கூறவேண்டியுள்ளது. பொலன் கைதேர்ந்த எழுத்தாளர். யுத்தகாலத்தில் ‘லான்ட் அன்ட் வோற்றர்’ இதழில் கடற்போர் பற்றி எழுதிப் பெருந்தொகையான வாசகரைக் கவர்ந்தவர். கடற்படைத் தலைமையகத்துக்கு அவர் வரைந்த மடல்களும் அச்சிட்டு வழங்கிய விளக்கவுரைகளும் தெளிவும் தருக்கமும் நிரம்பியவை. அவற்றை 1984இல் தொகுத்துப் பதிப்பித்தவரும் சுமிடாவே. மறுதரப்பின் சான்றுகளோ கைந்நூல்களும் சோதனை அறிக்கைகளுமாக, உயிரற்ற உத்தியோக நடையில் அமைந்தவை. டிரேயர் தம் முதுமையில், 1955இல், எழுதிய நினைவுநூலும் தற்காப்புத் தொனி மிகுந்தது. நன்றாக எழுதத் தெரிந்தவனின் கட்சியே வரலாற்றில் நிலைபெறும் ஆபத்து இலக்கிய மாணவருக்குப் புதியதன்று. பற்சக்கரங்களின் வரலாற்றிலும் அது நிகழக்கூடும் என்பதே இங்கு வியப்புக்குரியது.

ஜோன் புறூக்ஸ் 2005இல் வெளியிட்ட, டிரெட்நோற் வகைக் கப்பல்களின் பீரங்கிச் சூட்டையும் ஜட்லாந்துச் சமரையும் பற்றிய நூல் இவ்விடத்திலேயே தலையிடுகின்றது. படிப்பதற்கு இனிய நூலன்று. பக்கத்துக்குப் பக்கம் தண்டுகளும் உருளைகளுமே. சலிப்புறாது அதனைத் தொடர்பவர் முக்கியமானதோர் உண்மையைக் கண்டடைவர். டிரேயர் மேசை ஒரே நேரத்தில் பல தூரமானிகளின் வாசிப்புகளை ஏற்று, அவற்றுள் ஒவ்வாதனவற்றைக் கண்ணாற் கண்டு ஒதுக்க இடந்தந்தது. பொலனின் வரைவுமுறையோ நல்லதொரு தனித் தூரமானியையே நம்பியிருந்தது. பொறி எவ்வளவு நுட்பமாகக் கணித்தாலும், உள்ளே இடப்படும் தூரம் பிழையாயின் வெளியே வருவதும் பிழையே. வட கடலின் மூடுபனியிலும் புகையிலும் ஒன்பதடித் தூரமானி தடுமாறியது. ஜட்லாந்தில் பிற்பகல் 3.48 மணிக்கு வைஸ் அட்மிரல் பீற்றியின் கப்பல்கள் சுடத்தொடங்கியபோது அவை கொண்டிருந்த தூரம் உண்மையைவிட ஏறத்தாழ 2,000 யார் கூடுதலானது. முதல் வேட்டுகள் எதிரியைக் கடந்து அப்பாற் சென்று வீழ்ந்தன. இதற்கு மேசையைக் குறைகூறுவது, பிழையான நாளேட்டைக் கொடுத்துவிட்டுக் கணக்காளனைக் கோபிப்பதற்கு ஒப்பாகும்.

சமரின் ஏனைய சான்றுகளும் கதைக்கு உடன்படுவனவாக இல்லை. பீற்றியின் தலைமையில் ஓடிய முதலாம், இரண்டாம் சமர்க்குரூசர் அணிகள் சுட்ட பெருங்குண்டுகளில் இலக்கிற் பட்டவை நூற்றுக்கு ஒன்றரை வீதத்தையும் எட்டவில்லை. மூன்றாம் அணியோ நூற்றுக்கு நான்கு வீதத்தைக் கடந்தது. அவ்வணியின் கப்பல்கள் வயதால் மூத்தவை. அவற்றிலிருந்த டிரேயர் மேசையும் எளிய தொடக்க வகையினது. வேறுபாடு எங்குள்ளது? பீற்றியின் தளமான ரோசித்தில் சூட்டுப் பயிற்சிக்குப் போதிய வசதி இருக்கவில்லை. மூன்றாம் அணி அப்பொழுதுதான் ஸ்கபா புளோவுக்குப் பயிற்சிக்கென அனுப்பப்பட்டிருந்தது. அவர்கள் சுட்ட தூரம் குறைவாக இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் முழு வேறுபாட்டையும் தூரத்தின் தலையிற் சுமத்திவிட முடியாது. அட்மிரல் ஜெலிக்கோவின் கொடிக்கப்பலான ‘அயன் டியூக்’, ஜெர்மானியரின் ‘கேனிக்’ மீது ஐந்து நிமிடத்துக்கும் குறைந்த நேரத்தில் 43 குண்டுகளைச் சுட்டு ஏழினை இலக்கிற் படச்செய்தது. தூரம் ஏறத்தாழ 12,000 யார். கருவி டிரேயர் மேசை. கப்பலின் கப்டன் அதே டிரேயர்.

ஜெர்மானியரைப் பற்றியும் ஒரு சொல். தொடக்கக் கட்டத்தில் அவர்கள் திறம்படச் சுட்டனர் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின் ஆர்கோ கடிகாரத்துக்கோ டிரேயர் மேசைக்கோ நிகரான கணிப்பொறி அவர்களிடம் இருக்கவில்லை. இருந்தவை எளிய வீதங்காட்டிகளும், நன்கு பயிற்றப்பட்டோர் கையாண்ட சிறந்த தூரமானிகளுமே. கணிப்பொறியின் மேன்மையே வெற்றியைத் தீர்மானித்தது என்னும் கோட்பாட்டுக்கு இதைவிட வலிய மறுப்பு வேண்டுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ‘குயின் மேரி’ நிற்கின்றது. ஆர்கோ கடிகாரம் பொருத்தப்பெற்ற மிகச் சில கப்பல்களுள் அதுவும் ஒன்று. அதன் சூட்டை எதிரணியின் பீரங்கி அதிகாரியே பாராட்டி எழுதியுள்ளார். பிற்பகல் 4.26 மணிக்கு அக்கப்பல் வெடித்துச் சிதறியது. 1,266 பேர் மாண்டனர். ‘ஊழல்’ கதையை ஏற்போர் அக்கப்பலைத் தங்கள் தரப்புச் சான்றாகவே கூறுவர்: நல்ல பொறி இருந்தமையால் நன்றாகச் சுட்டது என்பர். நன்றாகச் சுட்ட கப்பலும் ஏன் வெடித்தது என்னும் வினாவை அவர்கள் எழுப்புவதில்லை. விரைந்து சுடவேண்டும் என்னும் வெறியில் கோடைற்று மருந்துப் பொதிகள் கூண்டுகளிலும் வழிகளிலும் குவிக்கப்பட்டதும், தீயைத் தடுப்பதற்கென அமைந்த கதவுகள் திறந்து விடப்பட்டதும் அந்நாளைய சமர்க்குரூசர்களில் வழக்கமாகியிருந்தன. கூண்டிற் பற்றிய தீ வெடிமருந்தறைவரை ஓடியமைக்குக் காரணம் இதுவே. அது எந்தக் கண்டுபிடிப்பாளனையும் புறக்கணித்ததால் வந்த வினையன்று. கட்டளையிடும் இடத்திலிருந்தோர் கண்மூடி அனுமதித்த பழக்கத்தின் வினை. பொலனின் கதை எவ்வளவு உருக்கமானதோ அவ்வளவுக்கு அது அப்பொறுப்பை வேறோரிடத்துக்கு மாற்றிவிடுகின்றது. இத்துறையின் விமர்சகர் இதனைப் போதிய அழுத்தத்துடன் எடுத்துரைக்காமை பெருங்குறையேயாகும்.

இவ்வாறு கூறுவதனால் புறூக்ஸின் நூல் முற்றிலும் நிறைவுடையது என்று கொள்வதற்கில்லை. பொறிகளை ஒப்பிட்டு டிரேயரின் பெயரை மீட்டெடுக்கும் ஆர்வத்தில், பொலன் நடத்தப்பட்ட முறையை அவர் இலேசாகவே கடந்துசெல்கின்றார். 1907ஆம் ஆண்டின் முடிவிலும் 1908ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ‘அரியாட்னி’யில் நிகழ்ந்த சோதனையில், ஓய்வுபெற்ற அட்மிரல் ஆதர் வில்சன், டிரேயரின் துணையோடு கைமுறைக் கணிப்பொன்றைப் போட்டியாக நிறுத்தி, அதற்கே சார்பாகத் தீர்ப்பளித்தார். நடுவரும் போட்டியாளரும் ஒரே பந்தியில் அமர்ந்திருந்தனர். பீரங்கித் துறைப் பணிப்பாளரின் உதவியாளராக டிரேயர் பணியாற்றிய காலமும் இதுவே. 1912, 1913ஆம் ஆண்டுகளில் கடற்படைத் தலைமையகம் பொலனுடனான உறவை முறித்தது. 1925இல், கண்டுபிடிப்பாளருக்குப் பரிசளிக்கும் அரச ஆணைக்குழு பொலனுக்கு 30,000 பவுண் வழங்கியது. எதற்காக? ஆர்கோ கடிகாரத்தின் இயக்கமுறை டிரேயர் மேசையிற் பயன்படுத்தப்பட்டமைக்காக. தாழ்ந்த பொறியென்று தள்ளப்பட்டதன் உறுப்பு, உயர்ந்ததென்று கொள்ளப்பட்டதன் உள்ளே இருந்தது என்பதை அரசே ஒப்புக்கொண்டது என்றல்லவா இதற்குப் பொருள்! ஒரு நிறுவனம் தனக்கு வெளியே பிறந்த அறிவை வெளியாளிடமிருந்து பெற்றதாக ஏற்க விரும்பாமல், அதனைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் செயல் இது. பொறி திறம்பட இயங்கியமை அச்செயலை நியாயமாக்கிவிடாது. இரண்டையும் தனித்தனியே மதிப்பிடத் தவறியமையே இரு ஆசிரியரிடத்தும் காணப்படும் பொதுவான குறை. சுமிடா அநீதியைக் கண்டு பொறியைத் தாழ்த்தினார். புறூக்ஸ் பொறியைக் கண்டு அநீதியைத் தாழ்த்தினார்.

ஒவ்வொரு பொறியும் வரப்போகும் சமரைப் பற்றிய ஒரு கற்பனையைத் தன்னுள் கொண்டிருந்தது என்பதையும் நோக்குதல் தகும். கப்பல்கள் வரிசையாக, ஏறக்குறையச் சமாந்தரமாக ஓடிச் சுடுமெனின் தூர மாற்ற வீதம் சிறிதாயும் நிலையாயும் இருக்கும். டிரேயர் மேசை அதற்குப் போதும். ஒவ்வொரு கப்பலும் விருப்பம்போல் திரும்பித் தூரத்தே நின்று சுடுமெனின் ஆர்கோ கடிகாரம் இன்றியமையாதது. பொலன் இரண்டாவதைக் கனவுகண்டார். கடற்படை முதலாவதற்கு ஆயத்தமாயிற்று. 2003இல் எழுதிய கட்டுரையொன்றில் சுமிடாவே, கடற்படைத் தலைமை நடுத்தரத் தூரத்தில் சில நிமிடங்களே நீடிக்கும் கடுஞ்சூட்டை எதிர்பார்த்திருந்தது எனத் தம் முந்திய கருத்தைச் செப்பனிட்டுள்ளார். தமது நிலைப்பாட்டைத் தாமே திருத்த முன்வந்த அந்நேர்மை பாராட்டத்தக்கது. அவர் கூற்று உண்மையாயின், டிரேயர் மேசையைத் தெரிந்தமை அறியாமையன்று. தாம் எதிர்பார்த்த போருக்கு ஏற்ற தெரிவே. வந்த போர் வேறாயிருந்தது.

பேர்சி ஸ்கொற் போராடி ஏற்கச்செய்த முறை, பீரங்கிகள் அனைத்தையும் பாய்மரக்கம்ப உச்சியிலிருந்து ஒருவரே குறிபார்த்து ஒருங்கே சுடச்செய்வது. இச்சர்ச்சையின் நிழலில் அது மறைந்துபோவது நியாயமன்று. 1912 நவம்பரில் அம்முறையிற் சுட்ட ‘தண்டரர்’, பழைய முறையிற் சுட்ட ‘ஒறையன்’ பெற்றதைவிட ஆறு மடங்கு வெற்றி பெற்றது. ஜட்லாந்துக்கு முன்னர் ஏறத்தாழ எல்லாப் பெருங்கப்பல்களிலும் அது பொருத்தப்பட்டுவிட்டது. அதனால் அங்கு வழக்குமில்லை, கதையுமில்லை. வழக்கில்லாத இடத்தில் நூல்களும் எழுவதில்லை போலும்.

யுத்தத்தின் பின்னர் கடற்படை புதிய கணிப்பு மேசையொன்றை ஆக்கியபோது இரு தரப்பின் கருத்துகளும் அதனுள் இடம்பெற்றன. 1927இல் சேவைக்கு வந்த ‘நெல்சன்’, ‘ரொட்னி’ ஆகியன அதனைத் தாங்கின. பழைய கப்பல்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. 1942இல் யப்பானியரை எதிர்நோக்கி இலங்கையைச் சூழ்ந்த கடலில் நின்ற கீழைத்தேயக் கடற்படையில் ‘ரிவெஞ்ச்’, ‘ரெசொலியூஷன்’, ‘ரமிலீஸ்’, ‘றோயல் சொவரின்’ என நான்கு முதிய போர்க்கப்பல்கள் இருந்தன. அவற்றின் கணிப்பறைகளில் அப்பொழுதும் நின்றது டிரேயரின் மேசையே. அவ்வாண்டு ஏப்ரலில் வானிலிருந்து வந்த எதிரியைக் கணிக்க அம்மேசையில் ஒரு சக்கரமும் இருக்கவில்லை.